47-ஆம் எண் சாப்பிடவில்லை

ஜூன் 3

தானியங்கித் தீவனக் கூண்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. சினைப்பன்றிகள் கூட்டமாகத் திரியும் கொட்டிலில், ஒரு பன்றி மட்டும் நுழையக்கூடிய இடம். உள்ளே போனதும் பின்கதவு மூடிக்கொள்ளும். ஆன்டெனா காது வில்லையைப் படித்து, அந்தப் பன்றிக்கு நாம் எழுதி வைத்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். வில்லைக்குள் பேட்டரி கிடையாது. ஆன்டெனா அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைச் சொல்கிறது.

52 பன்றிகளில் 50 பழகிவிட்டன. முதலில் நுழைவது தினமும் அதே ஐந்தாறு தடிச்சிகள்தான். தங்கள் பங்கு தீர்ந்த பிறகும் திரும்பத் திரும்பப் போய் எட்டிப் பார்க்கின்றன, ஏதாவது விழாதா என்று.

ஜூன் 6

குட்டிகள் கொட்டிலில் வெப்பநிலை காட்டும் திரை 28 டிகிரி என்கிறது. குட்டிகளோ ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடக்கின்றன, குளிரில் கிடப்பதுபோல. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் உறைத்தது: சென்சார் தொங்குவது என் தலை உயரத்தில். வெப்பமானியைத் தரையோடு பிடித்தேன், 24. கதவுக்கு அடியில் காற்று வேறு. எனக்கு இதமாக இருக்கிறதா என்றுதான் ஒரு வாரமாக அளந்துகொண்டிருந்தேன்.

சென்சாரைக் கீழே இறக்கினேன். வாய்க்கு எட்டினால் அரை நாள்கூடத் தாங்காது, அதனால் சுற்றிலும் கம்பிக்கூடு.

ஜூன் 8

எலி. அமோனியா சென்சாரின் ஒயர். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 11

இருப்பதிலேயே சாதாரணப் பொருள் தண்ணீர் மீட்டர். வாங்கும்போது அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை.

தாய் பிரித்த குட்டிகள் 180. நாளுக்கு 430 லிட்டர் வரை குடித்தன. வளரும் குட்டிகள், கோடு மெல்ல ஏறத்தான் வேண்டும். நேற்று 370. எச்சரிக்கை ஏதும் வரவில்லை. 25 சதவீதம் குறைந்தால்தான் அடிக்க வேண்டும் என்று வைத்தவன் நான்தான். காலையில் டீயோடு வரைபடத்தைப் பார்த்ததால் கண்ணில் பட்டது.

முதலில் குட்டிகள் வாய்வைத்துக் குடிக்கும் குழாய்முனைகளை, நிப்பிள்களைச் சந்தேகித்தேன். அளவுக்குவளையை வைத்து அரை நிமிடம் பிடித்தால் அரை லிட்டர் வருகிறது. எல்லாவற்றிலும் அப்படியே. அப்படியானால் குழாயில் குறையில்லை, குடிப்பவர்களிடம்தான். மூன்றாவது அறையில் நான்கு குட்டிகள் சுவரோரம் படுத்திருந்தன. தட்டினால் எழுகின்றன, எழுந்து அப்படியே நிற்கின்றன. ஒன்றுக்குக் காய்ச்சல் பார்த்தேன்: 40.7. பன்றிக்கு 39-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றுகூட இருமவில்லை. வேலைக்கு இருக்கும் அண்ணன், "தம்பி, வெயிலா இருக்கும்" என்றார். வெயிலென்றால் அதிகமாகத்தானே குடிக்க வேண்டும்?

ஜூன் 12

இருமல் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் வந்து மாதிரி எடுத்துப் போனார். தண்ணீரில் மருந்து கலந்தால் போதாதா என்று கேட்டேன். "குடிக்காததுக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்?" என்றார். ரொம்ப முடியாதவற்றுக்கு ஊசி, மற்றவற்றுக்குத் தண்ணீரில். வரம்பை 10 சதவீதமாக மாற்றிவிட்டேன். பொய் எச்சரிக்கைகள் வரும், வரட்டும்.

ஜூன் 14

குட்டிகள் 405 லிட்டர். நல்லது.

இன்றைக்குத் தலைவலி சினைப்பன்றிகளிடம். காலைப் பட்டியலில் 47 சிவப்பில்: நேற்று ஒரு கிராம்கூடச் சாப்பிடவில்லை. காய்ச்சலோ, கால்வலியோ என்று ஓடினேன். நன்றாகத்தான் நின்றாள், கூண்டு வாசலிலேயே. நான் பார்க்கப் பார்க்க உள்ளே போனாள். கதவு மூடியது. தொட்டிக்குள் மூக்கை விட்டுத் துழாவினாள், நிமிர்ந்தாள், மறுபடி துழாவினாள். ஒன்றும் விழவில்லை. முன்கதவு திறந்து வெளியே விட்டது. சுற்றி வந்து மறுபடியும் வரிசையில்.

இடது காதில் வில்லை இல்லை, ஓட்டை மட்டும். எவளோ கடித்துப் பிடுங்கியிருக்கிறாள்.

பதிவைப் புரட்டினேன். "அடையாளமில்லாத நுழைவு" என்று 23 தடவை. அதைக் கூண்டின் கோளாறு என்று நினைத்து நேற்று தள்ளிவிட்டேன். எண் இல்லாதவளுக்குத் தீவனம் கிடையாது என்பதில் கூண்டு மிகச் சரியாக நடந்துகொண்டது.

கையால் இரண்டு கிலோ வைத்தேன். தலையைத் தூக்கவே இல்லை.

ஜூன் 15

47-க்குப் புது வில்லை. கூண்டுக்குள் நின்றபோதே குத்தினோம், வசதியாக இருக்கிறதே என்று. தவறு. கத்திய கத்தலில் கொட்டிலே எழுந்துவிட்டது. அதன் பிறகு கூண்டுப் பக்கமே வரவில்லை. மாலையில் தீவனத்தைக் காட்டி அழைத்தும் வாசலில் நின்று மோந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இனி வில்லை குத்துவது வேறு இடத்தில்தான்.

ஜூன் 16

எழுந்ததும் பட்டியலைத்தான் திறந்தேன். மற்றவர்கள் எல்லாரும் தின்று படுத்த பிறகு, இரவு 2:50: எண் 47, 2.4 கிலோ, நுழைவு ஒன்று.