அரை யூனிட் வெந்நீர்

மார்லா என்ற மலைக்குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்த அன்றே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதுகுச் சுமையை இறக்கிவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஆறு சோலார் பலகைகள். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தால், ஆறும் வடக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. "யாரம்மா மாட்டியது? தெற்கே அல்லவா பார்க்க வேண்டும்?" என்றேன். வீட்டுக்காரம்மா சற்று யோசித்து, சொற்களை ஒவ்வொன்றாகக் கோத்து, "ஐயா, இங்கே சூரியன் வடக்குப் பக்கம் நடக்கிறான்" என்றார்.

காரைக்கால் மின்துறையில் கம்பம் ஏறும் ஆளாகச் சேர்ந்து, 33 வருடம் கழித்து இளநிலைப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 21 டிகிரியில் நிற்கிறோம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பழக்கம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தேன். மருமகன் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வம்சம். பிரெஞ்சுக் குடியுரிமை தாத்தா காலத்திலிருந்து வருகிறது. இருவருக்கும் கடற்கரைப் பக்கம் வேலை. காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புவார்கள். நாலாவது மாடியில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் கடலைப் பார்ப்பது? காரைக்காலில் பார்க்காத கடலா? ஒரு விடுமுறைக்கு மூவருமாக மஃபாத் பள்ளத்தாக்குக்குப் போனோம். மூன்று நாள் என்று போனவன் பதினொரு வாரம் தங்கிவிட்டேன். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, அவர்களுடைய குளிர்காலம் முழுவதும்.

மஃபாத்துக்குச் சாலை கிடையாது. "கரடுமுரடான சாலை" என்று சொல்வதைக்கூட அங்கே சொல்ல முடியாது. நடந்து போகலாம், அல்லது ஹெலிகாப்டரில் போகலாம். சுற்றிலும் செங்குத்துப் பாறைச் சுவர். உள்ளே மேடுகளில் சின்னச் சின்னக் குடியிருப்புகள். மொத்தமே சில நூறு பேர். மஃபாத் என்பது 18ஆம் நூற்றாண்டில் தோட்டத்திலிருந்து தப்பி வந்து இங்கே ஒளிந்திருந்த அடிமை ஒருவரின் பெயர் என்கிறார்கள். அடிமை வேட்டைக்காரர்கள் 1751இல் அவரைக் கொன்றார்களாம். யாரும் வந்து சேரக்கூடாது என்று தேர்ந்தெடுத்த இடத்துக்கு மின்கம்பி எப்படி வரும்?

நாங்கள் சலாஸி என்ற பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியாகப் போனோம். வழி நெடுகப் பந்தல் பந்தலாக சௌசௌ. மருமகன் காரை நிறுத்தி, "மாமா, இதற்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? சூசூ" என்றார். சொல்லிப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெயர் மாதிரிதான் இருக்கிறது. பிறகு எருதுக் கணவாய் என்று பொருள்படும் ஒரு கணவாயில் காரை விட்டுவிட்டு இறக்கம். கீழே ஒரு சமவெளிக்குப் "புளியமரச் சமவெளி" என்று பெயர். ரசத்துக்கு ஆயிற்று என்று நினைத்தேன். அங்கே இருப்பதோ வேலமர வகை. பாசி படர்ந்து, முறுக்கிக்கொண்டு, பாதி சாய்ந்து நிற்கின்றன. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரமாம். பெயர் வைத்தவன் புளி சாப்பிட்டிருக்க மாட்டான்.

மார்லா அந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் அங்கேயே பிறந்தவர். தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டும்தான் பேசுவார். வீட்டுக்காரம்மா அதே தீவின் சேந்த்-ஆந்த்ரே ஊர்க்காரர், தமிழ் வம்சாவளி. கோயில் வகுப்பில் பாடப்புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். அதனால் அவர் பேசியது அத்தனையும் அச்சடித்த தமிழ். மரியாதைப் பன்மை மட்டும் அந்தப் புத்தகத்தில் விட்டுப்போயிருக்கும் போல. "ஐயா, நீ உணவு உண்டாயா?" என்பார். முதல் வாரம் திடுக்கிட்டேன். இரண்டாம் வாரம் என் பேத்தி கேட்பது போல இருந்தது.

நடைப்பயணிகள் தங்குவதற்கு அவர்கள் இரண்டு அறை வைத்திருந்தார்கள். என்னிடம் வாடகை வாங்கவில்லை. பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் என் வேலைக்கே திரும்பிவிட்டேன் என்று மகள் போனில் சிரித்தாள்.

இனி வெந்நீர் விஷயம். எத்தனை வருடம் கழித்துச் சொன்னாலும் வெட்கமாக இருக்கும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கே போனாலும் பெட்டியில் ஒரு வாட்டர் ஹீட்டர் ராடு கொண்டுபோவது என் வழக்கம், 1,500 வாட். ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் சுவர் வெப்பமானி 4 டிகிரி காட்டியது. காரைக்கால் உடம்பு அது. மஃபாத் ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் வழியாக வரும் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை இறங்கும். காஸ் வெந்நீர் உண்டு. ஆனால் சிலிண்டர் ஹெலிகாப்டரில் வர வேண்டும் என்பதால் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் என்று கணக்கு, அதுவும் மாலையில். சத்தமில்லாமல் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து, ராடைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன்.

பத்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஃப்ரீசரின் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்த நொடியில் இன்வெர்ட்டர் ஒரு நீண்ட கூவல் கூவி அடங்கியது. வீடு முழுக்க இருட்டு. மெழுகுவத்தியோடு வந்த வீட்டுக்காரம்மா என்னையும் வாளியையும் பார்த்தார். "ஐயா, மின்சாரம் இறந்துவிட்டது" என்றார். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அன்று காலை அடுப்பருகே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட் வேண்டும். அந்த வீட்டு ஃப்ரீசருக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட். என் ஒரு வாளிக் குளியல் அவர்களுடைய கறியையும் மீனையும் அரை நாள் காக்கும் மின்சாரம். 33 வருடம் ஊராருடைய யூனிட்டை எண்ணியவன், ஒரு யூனிட் எவ்வளவு பெரியது என்று கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, "கரண்ட் எப்போது வரும்?" என்று கேட்காத வாய் இல்லை எங்கள் ஊரில். நான் சொன்ன ஒரே பதில், "மேலே வேலை நடக்கிறது." மார்லாவில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வானத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

ஆனால் வானத்தையும் முழுசாக நம்ப முடியாது. மேற்கே கிட்டத்தட்ட 2,900 மீட்டர் உயரத்துக்குச் சுவர் மாதிரி ஒரு மலை. பகல் மூன்றரை நாலு மணிக்கெல்லாம் அதன் நிழல் கூரைமேல் ஏறிவிடும். காலையிலும் கிழக்குச் சுவரைத் தாண்டித்தான் வெயில் வர வேண்டும். நல்ல வெயில் நாளில் ஐந்து யூனிட் சேரும். மேகம் இறங்கிய நாளில் இரண்டு. பலகைக்குக் குளிர் பிடிக்கும், வோல்ட்டேஜ் நிமிர்ந்து நிற்கும். பேட்டரிக்குக் குளிர் ஆகாது, கொள்ளளவு சுருங்கிவிடும். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் போல.

பேட்டரி அறையில் இரண்டு வோல்ட் செல்கள் பன்னிரண்டு, வரிசையாக. சேர்த்து 24 வோல்ட். பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்க என்னிடம் கொடுத்திருந்த ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு உறிஞ்சினேன். 1.240, 1.240, 1.235 என்று வந்தது. ஏழாவது செல்லில் மிதவை கீழேயே உட்கார்ந்துவிட்டது: 1.170. டார்ச் அடித்துப் பார்த்தால் ஈயத் தகடுகளின் தலை வெளியே தெரிந்தது, விளிம்பில் வெள்ளை பூத்து. தண்ணீர் குறைந்திருக்கிறது. குறைந்தபோதெல்லாம் யாரோ ஊற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் தோளைக் குலுக்கினார். மலைத் தண்ணீர், இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். குடிக்கச் சரி. அதில் கரைந்திருக்கும் தாது செல்லுக்கு விஷம்.

மருமகனிடம் சொல்லி, கணவாய் வரை காரில் டிஸ்டில்ட் வாட்டர் கொண்டுவரச் சொன்னேன். ஐந்து லிட்டர் கேன் இரண்டு. நானும் வீட்டுக்காரரும் போய் வாங்கி வந்தோம். அவர் முதுகில் தாழை ஓலையில் பின்னிய பை. அதன் பெயர் பெர்த்தெல். எனக்கு ஒரு சாக்கைக் கயிறு கட்டிக் கொடுத்தார். அதற்குப் பெயர் கோனி. நம் கோணிதான், ஓர் எழுத்து மட்டும்தான் வேறு. ஊற்று ஊற்றாகத் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்குக்குள், அறுபது வயதில், தண்ணீரை முதுகில் சுமந்து இறங்கிய முட்டாள் நானாகத்தான் இருப்பேன். எங்களுக்கு எதிரே நடந்து வந்த தபால்காரர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார். வழி முழுக்க ஒரு குட்டிப் பறவை புதருக்குப் புதர் தாவி, டெக் டெக் என்று கூடவே வந்தது. அதன் பெயரே டெக்டெக்தான்.

தகடு மூழ்கும் வரை ஊற்றி, மூன்று நாள் ஃப்ரீசரைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு முழு சார்ஜ் ஏற்றினோம். ஏழாவது செல் 1.200க்கு வந்தது. முழுசாகத் தேறவில்லை, சாகவும் இல்லை.

அந்த மூன்று இரவும் அடுப்பு வெளிச்சம்தான். சமையலறை தனிக் கொட்டகை, தகரக் கூரை. மேலே பன்றி இறைச்சி புகையில் கறுத்துத் தொங்கும். நான் சைவம் என்பதால் எனக்கு சூசூ தளிர்க் கீரை, சோறு, ருகாய். ருகாய் நம் ஊறுகாய்தான் என்று அங்கே அடித்துச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ வேகவைக்காத தக்காளித் துவையலை ஊறுகாய் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கறிவேப்பிலைக்குக் கலுப்பிலே என்கிறார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனிப் பௌர்ணமியன்று காரைக்காலில் மாங்கனித் திருவிழா. மாடியிலிருந்து அம்மையார் பேர் சொல்லி மாம்பழம் இறைப்பார்கள். நான் மார்லாவில் கம்பளிக்குள் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் காட்டுக் கொய்யாவைத் தின்றுகொண்டிருந்தேன். சிவப்பாக, கோலிக்குண்டு அளவு, புளிப்பு. கதையை வீட்டுக்காரம்மாவுக்குச் சொன்னேன். கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழம், அதில் ஒன்றை அடியாருக்குப் படைத்தது, அதற்குப் பதிலாக இறைவனைக் கேட்டவுடன் புதிதாக ஒன்று வந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி: "ஐயா, அந்தக் கணவன் ஏன் அச்சம் கொண்டான்?" எனக்கும் இதுவரை தெரியாது என்றேன்.

கிளம்பும்போது ராடை அங்கேயே விட்டு வந்தேன். சென்ற மாதம் மகள் மார்லாவுக்குப் போய்விட்டு ஒரு படம் அனுப்பினாள். சமையல் கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் என் ராடு. அதன் சுருளில் பூண்டுக் கொத்துகளைக் கோத்துப் புகையில் உலர்த்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாட்காட்டி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் ஓரத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, வீட்டுக்காரம்மாவின் குண்டு எழுத்தில் வாராவாரம் அளவு எழுதியிருந்தது. ஏழுக்கு நேரே 1.220. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.