குருவியைக் கலைத்தால்தான் எழுத்து

சுய் சின் ஃபாரின் 'மிஸஸ் ஸ்பிரிங் ஃபிராக்ரன்ஸ்' சிறுகதைத் தொகுப்பு (சிகாகோ, 1912) ஒருவழியாக ஓசிஆருக்கு, அதாவது பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளுக்கு, மசிந்துவிட்டது. முதற்பதிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எழுத்துக்கு அடியில் வெளிறிய நிறத்தில் பூங்கிளை, கொண்டைக் குருவி, வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சீன எழுத்துகள். கண்ணுக்கு விருந்து, ஓசிஆருக்கு எமன்.

டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளை அப்படியே ஓட்டினால் குப்பைதான் வரும். அது வழக்கமாக ஓட்சு முறையில் பக்கத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிக்கும். இங்கே இருப்பதோ தாள், படம், மை என மூன்று சாயல்கள். வெட்டு தாளுக்கும் படத்துக்கும் நடுவே விழுந்தால் கிளை மொத்தமும் கறுப்பாகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக வெட்டைக் கணக்கிடும் சௌவோலா முறை கொஞ்சம் தேவலை. ஆனால் எழுத்தில்லாத இடத்தில் குருவி மறுபடி முளைக்கிறது.

கடைசியில் பலித்தது இது: 400 டிபிஐ வண்ண ஸ்கேன். (யாரோ முன்பே கறுப்பு-வெள்ளையாக்கிய பிடிஎஃப் என்றால் தொடவே வேண்டாம்.) கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிரித்து, படம் எதில் அதிகம் மங்குகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, சாயல்களைச் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியில் வெள்ளை முனையை (அதற்கு மேலான சாயலெல்லாம் வெள்ளையாகிவிடும்) 255இலிருந்து கீழே இறக்குவது. இந்தப் பிரதிக்கு 165 வாக்கில் குருவி பறந்துவிட்டது. ஓரத்துச் சீன எழுத்துகளை அதற்கு முன்பே வெட்டி எறிய வேண்டும். புள்ளி நீக்கும் வடிகட்டி வேண்டவே வேண்டாம், முற்றுப்புள்ளிகளைத் தின்றுவிடும்.

வெள்ளை முனையை இன்னும் இறக்க ஆசை வரும். இறக்கினால் மெல்லிய கோடுகள் அறுந்து, ஆங்கிலச் சின்ன 'ஈ' (e) எல்லாம் 'சீ' (c) ஆகும். அப்போது 'இன் தி லேண்ட் ஆஃப் தி ஃப்ரீ' கதையில் வரும் தாய் லே சூவின் (Lae Choo) பெயரில் முதல் சொல் 'லாக்' (Lac) ஆகிவிடும். அரக்குக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர் என்பதால் பிழைதிருத்தி வாயே திறக்காது. சீனர் வரவைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் நடக்கும் கதை அது. காகிதம் இல்லையென்று அதிகாரிகள் பிரித்த குழந்தை, பத்து மாதம் கழித்துத் தாயைக் கண்டதும் வெள்ளைக்காரியின் பாவாடைக்குள் ஒளிகிறது. அந்தத் தாயை அரக்காக்குவது அடுக்காது. கதைமாந்தர் பெயர்களை மட்டும் தனிப் பட்டியலாக்கித் தேடுவதே வழி.

திருத்தக்கூடாத 'பிழை'களும் உண்டு. டென்னிசனை அமெரிக்கக் கவி என்று திருமதி ஸ்பிரிங் ஃபிராக்ரன்ஸ் சொல்வது ஆசிரியரின் குறும்பு. அதில் கைவைத்தால் நகைச்சுவை போச்சு.

லே சூ வரும் அந்தக் கதை 1909இல் 'தி இன்டிபென்டன்ட்' இதழில் முதலில் வந்தது. அந்தப் பாடத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடும் யோசனை இப்போதே அரிக்கிறது. அதற்குள் இரண்டாம் பகுதியான குழந்தைக் கதைகள் இன்னும் குருவியோடு கிடக்கின்றன.