காமன் எரியும் இரவில் கமரா எங்கே நிற்க வேண்டும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆவணப்படம் எடுக்க வருகிறவர்கள் அநேகமாக லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் தொடங்குகிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, புகையேறிய சுவர், ஒரு கிழவி, நாலு கேள்வி. கண்ணீர் வந்ததும் கமராவை மூடிவிடுவார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் தோட்டத் தலைவரோ வேலையைக் கண்காணிக்கும் கணக்கப்பிள்ளையோ வாசல் இஸ்தோப்பில் நிற்கும்போது சொல்லப்படும் வார்த்தைகள் அவர்கள் காதுக்கென்று அளந்து சொல்லப்படுபவை. அதே மனுஷி மாடசாமி தெய்வத்தின் முன்னால் நின்று “உனக்குக் கண்ணில்லையா” என்று கேட்பாள். சம்பளம், சீட்டு, வீடு, பிள்ளையின் வேலை எல்லாம் அந்த வழக்கில் வரும். இங்கே நம்பிக்கை என்பது பணிவு மட்டுமல்ல, முறைப்பாடு வைக்கும் இடமும் அதுதான். தேயிலை ஆலை இயந்திரத்துக்கு ரோதமுனி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துசாமி என்று வேலைத் தலத்துக்கே தெய்வம் வைத்த சனம் இது.

அதனால் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தைப் படமெடுப்பவர் மாசியில் கம்பம் ஊன்றும் நாளிலிருந்தே அங்கே இருக்க வேண்டும். எரிப்பு இரவுக்கு மட்டும் வந்திறங்கினால் தீயும் ஆட்டமும் கிடைக்கும், கதை கிடைக்காது. சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிவதும், ரதி புலம்புவதும், பிறகு அவன் உயிர் பெறுவதும் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். இருந்தும் ரதி புலம்பும்போது பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுகிறார்கள். அந்தப் புலம்பலை முப்பது விநாடியாக நறுக்கினால் வெறும் வேஷம்தான் மிஞ்சும். ஒரே கோணத்தில், வெட்டாமல், குறைந்தது ஐந்து நிமிடம் ஓட விடுங்கள்.

இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. இல்லாவிட்டால் டியூப் வெளிச்சம் திரையில் பட்டை பட்டையாக ஓடும். வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தீ எழும்பும்போது முகங்கள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். எரிப்புக்குச் சற்று முன்னரே அப்பெச்சரை (லென்ஸ் திறப்பை) இரண்டு ஸ்டொப் குறைக்காவிட்டால் தீ வெள்ளை ஓட்டையாகிவிடும். பனிமூட்டத்தில் கமராவின் மேலேயே லைட்டைப் பொருத்தினால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். குளிரில் நின்ற கமராவை அடுப்பெரியும் காம்பராவுக்குள் எடுத்துப் போனால் லென்ஸ் வேர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வையுங்கள்.

ஒலிதான் பெரிய தொல்லை. ஈரக் காற்றில் தப்பு மேளத்தின் தோல் தளர்ந்துவிடுவதால் இடையிடையே நெருப்பில் காய்ச்சுவார்கள். காய்ச்சிய தப்பின் ஓசையும் தளர்ந்த தப்பின் ஓசையும் வேறு வேறு. துண்டு துண்டாகப் பதிந்து எடிட்டிங்கில் கோத்தால் காது உடனே பிடித்துவிடும். கோயில் படியருகே தனி ரெக்கோடர் ஒன்றை இரவு முழுக்க நிறுத்தாமல் ஓட விடுவதே வழி. தப்பின் ஓர் அடி ஒலியளவின் உச்சத்தைத் தொட்டால் அதன் கீழே ஒலிக்கும் பாட்டு உடைந்துபோகும், ஆகவே சாதாரண அளவை –18 டெசிபலுக்கு மேல் விடாதீர்கள்.

அருள் வந்து ஆடுகிறவரிடம் அந்த நேரத்தில் சம்மதம் கேட்க முடியாது. கூத்து மாஸ்டரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆடியவரிடம் மறுநாள் காட்சியைக் காட்டி இன்னொரு தடவை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

நிறுவனங்கள் மீதான அவநம்பிக்கையை யாரையும் பேச வைத்துக் காட்டத் தேவையில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்துக்குப் போங்கள். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிக்கிறார்கள். தராசின் இலக்கம், எழுதும் கை, கொழுந்து கொண்டுவந்தவளின் முகம் மூன்றும் ஒரே பிரேமுக்குள், ஒரே ஷொட்டில் இருக்கட்டும். வெட்டி ஒட்டிய காட்சியை “திரித்தது” என்று ஒதுக்குவது சுலபம்.

அடுத்தது, வீட்டுக் கடுதாசிகளைப் பூட்டி வைத்திருக்கும் ட்ரங்குப் பெட்டி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். 2003 வரை அந்த இழுபறி நீண்டது. அதனால்தான் எந்தத் துண்டுக் கடுதாசியையும் இங்கே எவரும் எறிவதில்லை. கடுதாசிகளை மேசையில் பரப்பி அழகாக எடுக்காமல், பெட்டிக்குச் சொந்தக்காரரே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கட்டும். அடையாள அட்டை இலக்கங்களை மறைத்துவிட வேண்டும். பேசுகிறவர் இருக்கும் லயம் அவருக்குச் சொந்தமில்லை. முகம் காட்டிய பிறகு அவர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வெட்டிலும் நினைக்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் “கடவுள் ஏன் காப்பாற்றவில்லை” என்று மைக்கை நீட்டுவது அநியாயம். எச்சரிக்கை யார் கைக்குப் போனது, மாற்றுக் காணி ஏன் கிடைக்கவில்லை என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள், அவற்றை அழுகிறவரிடம் அல்ல, அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

கமராவும் வெளியிலிருந்து வந்த இன்னொரு அதிகாரம்தான், சனம் அதைச் சந்தேகிப்பது நியாயம். ஆகவே கடைசி வெட்டுக்கு முன் தோட்டத்துக் கோயில் முற்றத்தில் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. பதுளைப் பக்கம் டிசம்பரில் கஷ்டம். தகரக் கூரையின் கீழ் காட்டினால் மழைச் சத்தத்தில் வசனம் கேட்காது. புரொஜெக்டருக்குத் தனி பட்டரி கொண்டு போங்கள், கோயில் இணைப்பில் மின்னழுத்தம் விழும். படம் முடிந்ததும் ஆண்கள்தான் முதலில் பேசுவார்கள். பெண்களிடம் மறுநாள் மாலை, வேலை விட்டு வந்த பிறகு, தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீக்கச் சொல்லும் காட்சிகளை அநேகமாக அவர்கள்தான் சொல்வார்கள்.