குன்னூர்க் குளிரும் பல் கூச்சமும்

டிசம்பர்ல குன்னூர் குழாய்த் தண்ணி யாருக்குமே சுரீர்னுதான் இருக்கும். ஆனா சூடா டீ குடிச்சாலும், பிளம்ஸ் கடிச்சாலும் கூசுதா? ஈறு இறங்கியிருக்கலாம், பல்லோட மேல் உறையான எனாமல் தேய்ஞ்சிருக்கலாம். எங்க அத்தை பல்லு விளக்குறது, கரி பிடிச்ச பாத்திரத்தை விளக்குற மாதிரி; சத்தம் பக்கத்து லைன் வீடு வரைக்கும் கேக்கும்! சாஃப்ட் பிரஷ், ஈறோரமா சாய்ச்சு, சின்னச் சின்ன வட்டமா 2 நிமிஷம், அவ்வளவுதான்.

பேஸ்ட் வாங்குறப்போ முன்னாடி இருக்கிற படத்தை விடுங்க, பின்னாடி பொடி எழுத்தைப் படிங்க: கூச்சத்தைக் குறைக்கிற பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம், கூடவே ஃப்ளூரைடு இருக்கணும். ஒரே நாள்ல கேக்காது, சில வாரம் ஆகும். கரிப்பொடி வேண்டவே வேண்டாம். பிளம்ஸ் சாப்பிட்ட கையோட தேய்க்காம அரை மணி நேரம் விடுங்க. ஒத்தைப் பல்லு மட்டும் கூசுதுன்னா சொத்தையாவோ விரிசலாவோ இருக்கலாம். பேஸ்ட்டை மாத்திக்கிட்டே இருக்காம பல் டாக்டர்கிட்ட காட்டுங்க.