பத்துக் கேள்விக்கும் சைபர் போட்டேன்

மகன் 2020 ஏப்ரலில் பிறந்தான். கொரோனாவுக்காக மலேசியாவில் மார்ச் 18-லேயே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டதால் பிரசவ அறைக்குள் கணவரை விடவில்லை. பத்தியம் பார்க்கத் தைப்பிங்கிலிருந்து வரவேண்டிய அம்மாவால் மாநில எல்லையைத் தாண்ட முடியவில்லை. கணவர் காய்கறி லோரி ஓட்டுபவர். செலாயாங் பசார் போரோங் (மொத்தச் சந்தை) பக்கம் தொற்று பரவியதும், வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்று பயந்து நண்பர் வீட்டிலேயே தங்கிவிட்டார். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான், நான்கு வயது மகள், கைக்குழந்தை.

பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. மூச்சு வருகிறதா என்று அவன் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே விடிந்துவிடும். பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன், ஆனால் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். மகள் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். அவளைத் திட்டுவேன், பிறகு குளியலறையில் அழுவேன். நான் இல்லாமல் போனால் வேறு யாராவது இவர்களை நன்றாக வளர்ப்பார்கள் என்ற நினைப்பும் வந்தது.

யாரிடம் சொல்வது? பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டால் எங்கள் பக்கம் 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்கள். அதையே எதிர்வீட்டு மலாய் அக்கா 'மெரோயான்' என்பார். இரண்டையும் கேட்டாலே குலை நடுங்கும். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்றுதான் நம்பியிருந்தேன்.

ஒரு மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக் போனோம். மகனுக்கு எடை நன்றாகவே ஏறியிருந்தது. மிஸ்ஸி (தாதி) என்னிடமும் ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த 7 நாளில் எப்படி இருந்தீர்கள் என்று 10 கேள்விகள், மொத்தம் 30 புள்ளி. பிள்ளை பெற்றவர்களின் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ வினாப்படிவம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடைசிக் கேள்வி, உங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. எல்லாவற்றுக்கும் சைபர் வருகிறமாதிரி குறித்துக் கொடுத்துவிட்டேன்.

மிஸ்ஸி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, வீட்ல ஒத்தையா ரெண்டு பிள்ளைய வச்சிருக்கீங்க, எல்லாத்துக்கும் சைபரா? ராத்திரி தூங்குறீங்களா?" என்றார். முகக்கவசத்துக்குள்ளேயே அழுதுவிட்டேன். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் நின்றார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. அன்றே டாக்டர் பார்த்தார். இரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று இரத்தம் எடுத்தார்கள். இது பேறுகால மனச்சோர்வு, ஜன்னி அல்ல, பிள்ளை பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வருகிறது என்றார். பிள்ளைகளைப் பிரிக்கும் பேச்சே எழவில்லை. கணவரைக் கூப்பிட்டு, "நீங்க வீட்ல இருக்கிறதும் மருந்துதான்" என்றார். அவர் முதலாளியிடம் பேசி வேறு வழித்தடம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். மனநல நிபுணருக்குக் கடிதமும் தந்தார்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் மிகக் குறைவுதான்.

மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை செர்ட்ராலின். "பால்ல கலந்துடும் பாப்பா, வேணாம்" என்று அம்மா போனில் அழுதார். டாக்டரே அம்மாவிடம் பேசினார்: பாலில் போவது மிகக் குறைவு, தாராளமாகப் பால் கொடுக்கலாம். முதல் வாரம் குமட்டல்தான் மிச்சம். நிறுத்திவிடலாம் என்றிருந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள், யாரும் சொல்லாமலே தலைக்குக் குளித்துச் சீவிக்கொண்டேன். மகள் வந்து என் கூந்தலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அவளுக்காக டாக்டர் சொன்னது: தினமும் கால்மணி நேரம் அவளோடு மட்டும் இருங்கள், படுக்கை நனைந்தால் திட்டாதீர்கள். தம்பிக்குத் துணி மாற்றும்போது அவள்தான் அவனோடு பேசவேண்டும் என்று நாங்களே ஒரு வேலையும் கொடுத்தோம். அவள் பேசப் பேச அவன் சிரித்தான். நானும் பேச ஆரம்பித்தேன். படுக்கை நனைவது நிற்க இரண்டு மாதம் ஆனது.

ஜூன் 10-இல் மாநில எல்லை திறந்தது. அம்மா அந்த வாரமே பூண்டும் சுக்கும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தேறிய பிறகும் ஆறு மாதமாவது மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாதான் தினமும் எடுத்துக் கொடுத்தார்.

நடுராத்திரியில் 'நான் இல்லாமல் போனால்' என்ற நினைப்பு வருகிறவர்கள் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பில் 24 மணி நேரமும் போனை எடுக்கிறார்கள்: 03-7627 2929. அரசின் உதவி எண் தாலியான் காசே 15999.

ஜூலையில் அதே தாளை மறுபடி கொடுத்தார் மிஸ்ஸி. பத்தாவதுக்கு சைபர். தூக்கத்துக்கு 1, பதற்றத்துக்கு 2.