வாய்க்குள் ஒரு கைமாற்று

அப்பாவுக்குச் சாதாரணச் சளி. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே, பாக்டீரியாவைக் கொல்லும் பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலினை எடுத்து நீட்டினார்கள். வேண்டாம் என்றேன், தேவையில்லாமல் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும் என்று. அப்பாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

மனித வாயில் இதுவரை சுமார் 700 வகை பாக்டீரியாக்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். பல் மேல் படியும் வழவழப்பான படலத்தில் நெருக்கியடித்து வாழ்கிறவை. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவது போல மரபணுக்களை வாங்கிக்கொள்ளும், வேறு இனத்திடமிருந்துகூட.

என்னை உலுக்கியது நிமோகாக்கஸ்தான். நிமோனியா, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிருமி. பென்சிலின் போய் ஒட்டும் புரதங்களுக்கென்று அதற்குச் சில மரபணுக்கள் உண்டு. மருந்துக்கு அடங்காத வகைகளில் அவற்றைப் பார்த்தால், ஒட்டுப்போட்ட துணி மாதிரி நடுநடுவே வேற்றுத் துண்டுகள்! பல துண்டுகள் நம் வாயிலும் தொண்டையிலும் சாதுவாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் போன்ற உறவுக்கார இனங்களிலிருந்து வந்தவை. புரதத்தின் வடிவம் மாறிவிடுவதால் பென்சிலின் சரியாக ஒட்டாது. இந்தக் கிருமி வெளியே சிதறிக் கிடக்கும் டிஎன்ஏவை மட்டும் எடுப்பதோடு நிற்காது, பக்கத்துச் செல்லை உடைத்தும் எடுக்கும்.

1928இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஃபிரடெரிக் கிரிஃபித் எலிகளில் கண்டதும் இதே கிருமியின், மரபணு வாங்கும் இதே குணத்தைத்தான். கொல்லப்பட்ட கொடிய வகையையும் உயிருள்ள சாது வகையையும் சேர்த்து ஊசி போட்டார். எலிகள் செத்தன. அவற்றின் உடலில் கொடிய வகை உயிரோடு இருந்தது.