மூன்றாவது கிராண்ட்மாஸ்டர் எதிராளி

சென்ற மாதம் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் இணையதளத்தில் என் மகனின் பெயரோடு கிராண்ட்மாஸ்டர் பட்டம் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகும் என் மனத்தில் ஆறாமல் கிடப்பது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஸ்பெயினில் நடந்த ஓர் ஓப்பன் போட்டியின் கடைசிச் சுற்று. அந்தத் தவறை வேறெந்தப் பெற்றோரும் செய்துவிடக் கூடாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கோடு மூன்று நார்ம்களும் வேண்டும். நார்ம் என்பது, ஒரு போட்டியில் குறிப்பிட்ட தரத்தில் ஆடியதற்கான சான்று. ஸ்பெயினில் எட்டுச் சுற்றுகளில் ஆறு புள்ளிகள். ஒன்பதாம் சுற்றுக்கான பேரிங், அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல், இரவில் வெளியானதும் நானும் அவனும் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்பது ஆட்டங்களில் 6.5 புள்ளி எடுத்தால், எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2434 இருந்தாலே நார்முக்குத் தேவையான 2600 என்ற ஆட்டத்திறன் மதிப்பு வந்துவிடும்; அந்தப் போட்டியில் மட்டும் எந்த ரேட்டிங்குக்கு இணையாக ஆடினான் என்பதன் அளவு அது. எங்களுக்கு 2436 இருந்தது. 'டிரா போதும்ப்பா, ஆபத்து வேண்டாம்' என்று நான்தான் சொன்னேன். மறுநாள் வெள்ளைக் காய்களோடு, சற்றே சாதகமான நிலையில், 31ஆவது நகர்த்தலில் டிரா செய்துகொண்டு சிரித்தபடி வெளியே வந்தான். நார்ம் சான்றிதழ் கேட்கத் தலைமை நடுவரிடம் போனோம். அவர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, 'இரண்டு கிராண்ட்மாஸ்டர்களோடுதானே ஆடியிருக்கிறீர்கள், மூன்று பேர் வேண்டுமே' என்றார்.

விதி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எதிராளிகளில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது ஒன்பது சுற்றுகளில் குறைந்தது மூன்று பேர், கிராண்ட்மாஸ்டர்களாக இருந்தாக வேண்டும் என்பதைப் பல முறை படித்திருக்கிறோம். அன்றிரவு சராசரியை மட்டும் கூட்டிப் பார்த்தோமே தவிர, பட்டங்களை எண்ணவில்லை. கடைசிச் சுற்றில் எதிரே அமர்ந்தவர் அதற்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றவர். ஆகவே, அந்த பேரிங் வெளியான கணத்திலேயே நார்ம் கைநழுவிவிட்டது. அதுவரை எடுத்த புள்ளிகளைப் பொறுத்து அடுத்த எதிராளி அமையும் ஸ்விஸ் முறையில், யாரோடு ஆடுவது என்பது நம் கையில் இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. கிடைக்க வாய்ப்பே இல்லாத நார்முக்காக, வெல்லக்கூடிய ஓர் ஆட்டத்தை டிரா செய்யச் சொன்னேனே என்பதுதான் என் வருத்தம். வென்றிருந்தால் ஏறத்தாழ ஐந்து ரேட்டிங் புள்ளிகள் கூடியிருக்கும். 2400ஐத் தொட்டுவிட்ட ஆட்டக்காரருக்கு ஐந்து புள்ளி என்பது எவ்வளவு பெரியது என்பது இந்த வழியில் நடப்பவர்களுக்குத் தெரியும்.

இதற்கு முன்பே செர்பியாவில் பத்துப் பேர், ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஆடிய ரவுண்ட் ராபினில் முதல் நார்ம் எந்தச் சிக்கலும் இல்லாமல் கிடைத்திருந்தது. ரவுண்ட் ராபினில் எதிராளிகள் யார், அவர்களின் பட்டம் என்ன, எத்தனை புள்ளி வேண்டும் என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அந்த வசதி எங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஸ்பெயினுக்கு அடுத்த ஏமாற்றம் நம் நாட்டிலேயே காத்திருந்தது. சொந்த நாட்டு ஆட்டக்காரர்கள் எதிராளிகளில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்பது சுற்றுகளில் ஐந்து பேர் வரை சரி. ஆனால் குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த, ரேட்டிங் பெற்ற 20 வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பங்கேற்று, அவர்களில் பத்துப் பேராவது பட்டம் பெற்றவர்களாக இருந்தால், அந்த ஸ்விஸ் போட்டிக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. தொடக்கப் பட்டியலில் 21 வெளிநாட்டுப் பெயர்கள் இருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். ஆறாம் சுற்றுக்குப் பிறகு இருவர் விலகி ஊருக்குப் போய்விட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகளைத் தவறவிட்டவர் அந்த இருபது பேரில் சேரமாட்டார் என்ற வரியை நான் கவனித்திருக்கவில்லை. என் மகனோ ஆறு இந்தியர்களோடு ஆடியிருந்தான். ஆட்டத்திறன் மதிப்பு 2600ஐத் தாண்டியது, நார்ம் இல்லை. கடைசி நாளில் வெளிநாட்டவர் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று நடுவரிடம் கேட்டறிவது நாகரிகக் குறைவு அல்ல. கேளுங்கள்.

நார்ம்களைத் தேடி நம் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போவதற்கு இந்த எண்ணிக்கைகளும் ஒரு காரணம். பிரக்ஞானந்தா தம்முடைய மூன்று நார்ம்களையும் 2017 நவம்பரில் இத்தாலியின் தர்விசியோ, 2018 ஏப்ரலில் கிரீஸின் ஹெராக்லியோன், 2018 ஜூனில் மீண்டும் இத்தாலியின் ஓர்திசெய் என்று எட்டு மாதங்களுக்குள் எடுத்து, 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். குகேஷ் 2019 ஜனவரி 15 அன்று தில்லியில் தகுதியை நிறைவு செய்தபோது, உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற செர்ஜி கர்யாகினின் அப்போதைய சாதனையைப் பதினேழே நாட்களில் தவறவிட்டார். என் மகன் அத்தகைய சாதனை எதையும் நோக்கி ஓடியவன் அல்லன். ஆயினும் ஒரு நார்ம் தவறினால் அடுத்த நல்ல போட்டி, அடுத்த விசா, அடுத்த நகைக்கடன் என்று ஆறு மாதம் கழிந்துவிடும் என்பதை அனுபவித்த பிறகு, அந்தப் பதினேழு நாட்களின் கனம் எனக்குப் புரிகிறது.

விசாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாட்கள் வரை காத்திருக்கக் கூடாது. ஹங்கேரிப் பயணத்துக்காகத் திருச்சியிலிருந்து இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போய், காலை எட்டரை மணிக்கு விசா மையத்தின் வரிசையில் நின்றோம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைத் தாய் மட்டும் அழைத்துச் செல்வதால் தந்தையின் ஒப்புதல் கடிதம் வேண்டும். அது எங்களிடம் இருந்தது, ஆனால் நோட்டரி முத்திரை இல்லை. அதுகூட என் பிழைதான். போட்டி அமைப்பாளர்கள் அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் மகனின் பெயர் மட்டும் இருப்பதைச் சுட்டிக்காட்டி, 'நீங்கள் எதற்குப் போகிறீர்கள்?' என்று அந்த மையத்தின் ஊழியர் கேட்டதுதான் என்னைத் தைத்தது. பதினாறு வயதுப் பிள்ளை தனியாகப் போக முடியாது என்பதால் போகிறேன் என்ற பதிலை அவர் காதில் வாங்கவே இல்லை. பேருந்து ஏறித் திரும்பினோம். அழைப்புக் கடிதம் கேட்கும்போதே, உடன் வருபவரின் பெயர், கடவுச்சீட்டு எண், தங்கும் நாட்கள் ஆகியவற்றையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அமைப்பாளர்கள் மறுப்பதில்லை, நாம்தான் கேட்பதில்லை.

பிறகு விசா கிடைத்துப் போன ஹங்கேரியில் இரண்டாவது நார்ம் வந்தது. இம்முறை ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவன் ஒரு குறிப்பேட்டில் எதிராளியின் ரேட்டிங், பட்டம், நாடு மூன்றையும் எழுதி வைத்தான். அது எங்களைக் காப்பாற்றியது. சான்றிதழை நிரப்பிய நடுவர், மூன்றாவது கிராண்ட்மாஸ்டராக நாங்கள் எண்ணியிருந்தவரை இன்டர்நேஷனல் மாஸ்டர் என்று குறித்திருந்தார். அந்த ஆட்டக்காரருக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிராண்ட்மாஸ்டர் பட்டம் உறுதியாகியிருந்தது. நடுவரின் கணினியில் பழைய பட்டியலே ஏறியிருந்தது. மகன் தன் கைப்பேசியில் ஃபிடே பக்கத்தைத் திறந்து, போட்டி தொடங்கும் முன்பே பட்டம் வந்துவிட்ட தேதியைக் காட்டினான். நடுவர் வருத்தம் தெரிவித்து, திருத்தி, கையொப்பமிட்டுக் கொடுத்தார். கையொப்பமிட்ட சான்றிதழ் கையில் வராமல் அரங்கை விட்டு வெளியேறாதீர்கள். நாடு திரும்பிய பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

மூன்றாவது நார்ம் பிரான்சில் ஒரு சுற்று மீதமிருக்கும்போதே உறுதியாயிற்று. நார்ம்களுக்கு மொத்தமாகத் தேவைப்படும் 27 ஆட்டங்கள் சேர்ந்துவிட்டன.

எஞ்சியிருந்தது 2500 ரேட்டிங். மாதப் பட்டியலில் அவன் 2496இல் ஐந்து மாதம் நின்றான். ஸ்பெயினில் நான் விட்டுக்கொடுக்கச் சொன்ன அந்த ஐந்து புள்ளிகள் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று என் கண்முன் வந்து நின்றன. அவன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பிறகு ஓர் ஓப்பன் போட்டியின் நான்காம் சுற்றில் ஒரு கிராண்ட்மாஸ்டரை வென்றபோது, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் லைவ் ரேட்டிங் 2501 ஆயிற்று. ஏழாம், எட்டாம் சுற்றுகளில் தோற்று, போட்டி முடிந்தபோது 2493க்கு இறங்கிவிட்டான். ஆனால் 2500ஐ ஒருமுறை, ஒரு போட்டியின் நடுவில் தொட்டிருந்தாலும் போதும். அதற்குப் பிந்தைய முடிவுகளைப் பட்டத்துக்கான கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியும் 2023 டிசம்பரில் ஸ்பெயினில் அப்படித்தான், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே 2500ஐக் கடந்தார். அவருடைய மூன்றாவது நார்ம் அக்டோபரிலேயே கத்தாரில் முடிந்திருந்தது.

இந்த விதி எழுத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் கடந்து செல்ல வேண்டிய இடங்களில் ஒன்றில் இருந்த அலுவலர், பட்டியலில் 2493தானே இருக்கிறது என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். நடுவில் தொட்டதற்கான சான்றைக் காட்டும் பொறுப்பு விண்ணப்பிக்கும் தரப்பினுடையது என்று அதே விதியின் அடுத்த வரி சொல்கிறது. அதைப் படித்த பிறகே எனக்கு வழி புலப்பட்டது. அந்த மாதத்தின் தொடக்க ரேட்டிங், அந்தப் போட்டியின் முதல் நான்கு சுற்றுகளில் எதிராளிகளின் ரேட்டிங், ஒவ்வோர் ஆட்டத்திலும் கூடிய அல்லது குறைந்த புள்ளி, அந்த மாதத்தில் அதற்கு முன்பு அவன் வேறு போட்டி எதிலும் ஆடவில்லை என்ற குறிப்பு ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாக்கி, அந்தப் போட்டியின் தலைமை நடுவரிடம் கையொப்பம் வாங்கி இணைத்தேன். அவர் நான்கே நாட்களில் கையொப்பமிட்டு அனுப்பினார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டாம் முறை விண்ணப்பம் திரும்பி வரவில்லை.

பட்டம் இணையதளத்தில் ஏறிய அன்று காலை அவன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கைப்பேசியை நீட்டினேன். பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்து, ஸ்பெயின் போட்டியின் ஒன்பது எதிராளிகளையும் நினைவிலிருந்து ஒரு பக்கத்தில் எழுதி, ஒன்பதாம் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, 'போயிட்டு வரேம்மா' என்று சொல்லிப் புறப்பட்டான்.